தண்டால் போதாதா?

மார்பு இறுக வேண்டும், ஆனால் உடம்பு பருத்துவிடக் கூடாது என்று எங்கள் மல்லாங்கிணற்று இளைஞர் சிலர் விருதுநகர் உடற்பயிற்சிக் கூடங்களில் பணம் கட்டுகின்றனர். அப்பணம் பட்டாசு ஆலையில் தாய் ஈட்டிய கூலியன்றோ?

தூக்கும் சுமையை ஏற்றிக்கொண்டே போய், உணவையும் மிகுத்தால்தான் தசை வெகுவாகப் பருக்கும். தண்டாலிலோ கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு. 60 கிலோ இளைஞனுக்கு அது 40 கிலோ. அச்சுமை நாளுக்கு நாள் கூடுவதில்லை. ஆகவே மார்பும் தோளும் உறுதி பெறும், மிகையாகப் பருக்கா. இயலாதவர் முழங்காலை ஊன்றித் தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும்.

ஐந்து தண்டாலுக்கே நடுங்கிய நான் இன்று முப்பது எடுக்கிறேன். மார்பு இறுகியது, சட்டை அளவு மாறவில்லை. கண்மாய்க்கரை மண் கட்டணம் கேட்பதில்லை. விடியலில் வாருங்கள்!