ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு சின்ன ரவுட்டர் போதும்

ப்ராஜெக்ட் டைட்டில் ஓகே ஆன அன்னைக்கே எல்லா டீம்லயும் ஒரே கேள்வி வரும்: "பேக்எண்டுக்கு எந்த ஃபிரேம்வொர்க்?" பதிலும் ரெடியா இருக்கும். ஸ்பிரிங் பூட், ஜாங்கோ, லாராவெல். ஒரு கமாண்ட் தட்டினா ஃபோல்டர் ஃபோல்டரா ஃபைல் வந்து விழும். அதுல நாம எழுதினது நாலோ அஞ்சோதான். வைவாவுல "ரிக்வெஸ்ட் உள்ள வந்ததும் முதல்ல எங்கப்பா போகும்?"னு எக்ஸ்டர்னல் கேட்டா, டீமே ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்க்கும்.

என் கருத்து இதுதான்: முதல் ஏபிஐயை ஒரு சின்ன ரவுட்டர் லைப்ரரியை வச்சு எழுதுங்க. பெரிய ஃபிரேம்வொர்க் அப்புறம் வரட்டும்.

ரவுட்டர்னா வைஃபை டப்பா இல்லை. கருமத்தம்பட்டி நால்ரோட்டுல நின்னு, "அன்னூரா, வடக்க போங்க, சோமனூரா, தெக்க திரும்புங்க"னு கை காட்டுற ஆள் மாதிரி. வர்ற ரிக்வெஸ்ட்டோட மெத்தடையும் பாதையையும் பார்த்து, சரியான ஃபங்ஷன்கிட்ட அனுப்பி விடும். அவ்வளவுதான் அதோட வேலை. டேட்டாபேஸ், லாகின், டெம்ப்ளேட் எதையும் அது தொடாது.

இது விளையாட்டுச் சாமான்னு நினைக்க வேண்டாம். ரூபியில சினாட்ரா 2007-லயே வந்துடுச்சு. ஃபிளாஸ்க், எக்ஸ்பிரஸ் ரெண்டும் 2010. கோ மொழியில இருக்கிற 'சை' ரவுட்டரோட மையப் பகுதி ஆயிரம் வரிக்கும் கம்மி. ஒரு ஞாயித்துக்கிழமை உட்கார்ந்தா முழுசா படிச்சிடலாம். 2024 பிப்ரவரியில வந்த கோ 1.22-ல, மெத்தடும் பாதையும் சேர்த்து எழுதுற வசதி ஸ்டாண்டர்ட் லைப்ரரிக்குள்ளேயே வந்தாச்சு. ஜெரோதாவோட தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் ஆரம்பிச்ச லிஸ்ட்மாங்க், எக்கோங்கிற சின்ன ஃபிரேம்வொர்க் மேலதான் ஓடுது. ஒரு பைனரி, ஒரு போஸ்ட்கிரஸ், வேலை முடிஞ்சது.

சரி, நம்ம ஊர்ல இதுக்கு என்ன வேலை? சோமனூர்ல கூலிக்கு நெய்யுற விசைத்தறிக்காரங்க கணக்கு நிறைய இடத்துல இன்னும் நோட்டுலதான் இருக்கு. ஜவுளி உற்பத்தியாளர்கிட்ட இருந்து பாவும் ஊடை நூலும் வரும். நெஞ்ச துணி திரும்பப் போகும். துணி ரகத்துக்கும் பிக் கணக்குக்கும் ஏத்த மாதிரி கூலி வரும். அந்தக் கூலிக்காகத்தான் 2022-லயும் 2025-லயும் கோவை, திருப்பூர் மாவட்டத்துல வாரக்கணக்கா தறி நின்னுச்சு. எத்தனை மீட்டர் போச்சு, எவ்வளவு வந்துச்சுங்கிற கணக்கு இங்க சின்ன விஷயம் இல்லை.

இந்த நோட்டை ஏபிஐ ஆக்கணும்னா எத்தனை ரூட் வேணும்?

கெட் /பாவு: கையில இருக்கிற பாவு எல்லாம்.
போஸ்ட் /பாவு: புதுசா வந்த பாவு.
கெட் /பாவு/27: அந்த ஒரு பாவோட விவரம்.
புட் /பாவு/27/துணி/114: அந்தப் பாவுல இருந்து, 114-ம் நம்பர் சீட்டுல போன துணி.
கெட் /பாவு/27/கூலி: வர வேண்டிய கூலி.

அஞ்சே வரி. தறிக்காரர்கிட்ட படிச்சுக் காட்டினா அவருக்கே புரியும்.

நாலாவது வரியில ஏன் போஸ்ட் இல்லாம புட்? தறி ஷெட்டுக்குள்ள சிக்னல் போய்ப் போய் வரும். ஃபோன் ரிக்வெஸ்ட் அனுப்பிடுச்சு, சர்வர் எழுதிடுச்சு, பதில் மட்டும் திரும்பி வரலைன்னு வைங்க. ஃபோன் மறுபடி அனுப்பும். வெறும் போஸ்ட்னா அதே துணி ரெண்டு தடவை கணக்குல ஏறிடும். சீட்டு நம்பரோட புட் பண்ணினா, பத்து தடவை வந்தாலும் கணக்குல ஒண்ணுதான். இந்த முடிவை எந்த ஃபிரேம்வொர்க்கும் நமக்காக எடுக்காது. ரூட்டை நம்ம கையால எழுதும்போதுதான் இந்தக் கேள்வியே தலைக்குள்ள வருது. 404-க்கும் 405-க்கும் என்ன வித்தியாசங்கிறதும் அப்போதான் மண்டையில ஏறும். பாதையே இல்லைன்னா 404. பாதை இருக்கு, ஆனா அந்த மெத்தடுக்கு அனுமதி இல்லைன்னா 405.

"பிளேஸ்மென்ட்ல ஸ்பிரிங் பூட்தானே கேட்கறாங்க?" நியாயமான கேள்வி. ஸ்பிரிங்குக்குள்ள இருக்கிற டிஸ்பேச்சர் சர்வ்லெட்டும் இதே கை காட்டுற வேலையைத்தான் செய்யுது. சின்னதுல புரிஞ்சவனுக்குப் பெரியது ரெண்டு வாரம். பெரியதுல மனப்பாடம் பண்ணினவனுக்கு லைப்ரரி மாறினா திரும்ப அ, ஆ-வுல இருந்து. 2022 டிசம்பர்ல கொரில்லா மக்ஸ் ரவுட்டரை அதைப் பார்த்துக்கிட்டவங்க கிடப்புல போட்டாங்க; அடுத்த வருஷம் வேற ஆளுங்க வந்து மீட்டெடுத்தாங்க. ஹேண்ட்லரை ஸ்டாண்டர்ட் வடிவத்துல எழுதி வச்சவங்களுக்கு வேற ரவுட்டருக்கு மாறுறது பெரிய பாடா இருந்திருக்காது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிட கனமானது. ஜாங்கோவுல லாகின், அட்மின் பேனல், சிஎஸ்ஆர்எஃப் பாதுகாப்பு எல்லாம் கூடவே வரும். சின்ன ரவுட்டர்ல எதுவும் வராது. உண்மைதான். பாஸ்வேர்டுக்கு பிகிரிப்ட், இன்புட் சரிபார்ப்பு, லாகின் மிடில்வேர்னு ஒவ்வொண்ணா நாமதான் சேர்க்கணும்; மறந்தா ஓட்டைதான். நிறைய ஃபார்ம், அட்மின் பக்கம், ரெண்டே மாசம்னு இருந்தா ஜாங்கோவே எடுங்க, தப்பில்லை. ஆனா அஞ்சு ரூட்டுக்கு ஒரு ஏபிஐ, அதுவும் கத்துக்கறதுக்குன்னா, கூட வர்ற எல்லாமே நம்ம கண்ணை மறைக்குது.

அதனால டீம்ல ஃபிரேம்வொர்க் சண்டை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஏ4 பேப்பர் எடுங்க. மெத்தட், பாதை, பதில் மூணையும் வரிவரியா எழுதுங்க. அந்தக் கணக்கை தினமும் எழுதப்போறவர்கிட்ட படிச்சுக் காட்டுங்க. அவர் "ஆமாங்க, இதேதான்"னு சொன்னதுக்கப்புறம் லேப்டாப்பைத் திறந்தா போதும்.