கடைசிப் பந்திக்கு என்ன மிச்சம்?

கல்யாண வீட்டுச் சமையலை முதல் பந்தியை வைத்து யாரும் எடைபோட மாட்டார்கள். கடைசிப் பந்திக்குப் பாயசம் வந்ததா, ரசத்தில் வெந்நீரைக் கலந்து ஒப்பேற்றினார்களா என்பதில்தான் பேச்சே கிளம்பும். திருச்சியில் பெண்கள் விடுதி ஒன்றுக்கு மெஸ் நடத்திய எனக்கு, மலைப்பாதை ஓட்டங்களை அளக்கவும் அதே கோல்தான். முதலில் வந்தவர் யார், எந்த நாட்டுக்காரர் என்பதைப் பத்திரிகைகள் எழுதிவிடும். இருட்டிய பிறகு கடைசியாக வந்து சேர்ந்தவருக்குச் சூடாக என்ன கிடைத்தது? நான் கேட்பது அதைத்தான்.

மகள் ஓடுகிறாள், நான் அகப்பை பிடிக்கிறேன். அப்படித்தான் இந்த உலகத்துக்குள் வந்து சேர்ந்தேன். மேற்கு வங்கத்துக்கும் நேபாளத்துக்கும் எல்லையாக நீளும் சிங்கலீலா மலைமுகட்டில் ஐந்து நாள் ஓட்டம் ஒன்று நடக்கிறது. மொத்தம் 100 மைல், அதாவது 160 கிலோமீட்டர். மனேபஞ்சாங்கில் புறப்பட்டால், 3,636 மீட்டர் உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கு முதல் நாளே ஏறிவிட வேண்டும். வானம் தெளிந்திருந்தால் கஞ்சன்ஜங்காவும் எவரெஸ்டும் ஒரே பார்வையில் தெரியும். சமையல் குழுவுக்கு அதெல்லாம் புகைக்கு நடுவே கிடைக்கிற காட்சிதான்.

ஒரே நாளில் முடியும் மாரத்தானில் பின்தங்கினால் வீட்டுக்குப் போய்த் தூங்கிவிடலாம். பல நாள் ஓட்டத்தில் அது நடக்காது. வேகமாக ஓடுபவர் மதியமே வந்து, சூப் குடித்து, துணி உலர்த்தி, காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். கடைசியில் வருபவர் நெற்றி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வந்து சேர்வார். அவர் ஏறியதும் அதே மலைதான். குளிரில் நின்ற நேரம் மட்டும் கூடுதல். ஆனால் மறுநாள் காலை எல்லோருக்கும் ஒரே நேரத்தில்தான் தொடக்கம். தேறுவதற்குக் குறைந்த நேரம் கிடைப்பவருக்கு ஆறிய சோறு என்றால், அடுத்த நாள் ஓட்டத்தை அவரிடமிருந்து முதல் நாள் இரவே பிடுங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

அந்த உயரத்தில் சமைப்பது லேசு இல்லை. சந்தக்பூவில் தண்ணீர் கிட்டத்தட்ட 88 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதி மட்டும் ஜோராக இருக்கும், பருப்பு அசையாது. பிரஷர் குக்கர் இல்லாமல் பெரிய அண்டாவில் சோறு வடித்தால் வெளியே குழைந்து உள்ளே நரநரக்கும். தண்ணீரும் அங்கே தட்டுப்பாடு. அடுப்படியிலிருந்த நேபாளிப் பெண்கள் இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தரவில்லை. நான் அரிசியை மூன்றாவது தடவை களையப் போனபோது பாத்திரத்தை மெல்ல வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். என்னை 'தீதி' (அக்கா) என்பார்கள், நான் 'பஹினி' (தங்கை) என்பேன். மீதிப் பேச்சு அரைகுறை இந்தியில் ஓடியது.

உயரத்தில் பசியும் மந்தமாகிவிடும். வந்தவுடன் தட்டை நீட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். நாளெல்லாம் எனர்ஜி ஜெல்லும் பிஸ்கட்டும் தின்ற வாய்க்கு இனிப்பைக் கண்டாலே குமட்டும். அங்கே செல்லுபடியாகிற நாணயம் உப்புப் போட்ட உருளைக்கிழங்குதான். தோலோடு வேகவைத்து, இரண்டாக வெட்டி, சூடு இருக்கும்போதே உப்பைத் தூவ வேண்டும். ஆறிய பிறகு தூவினால் உப்பு பிடிக்காது, உதிர்ந்துவிடும். நான் கொண்டுபோன எலுமிச்சை ஊறுகாயைக் கொஞ்சம் தொட்டுக் கொடுத்தேன். ஐரோப்பியர் ஒருவர் கண்ணில் நீர் வர வர மூன்று துண்டு தின்றார். இன்னொன்று: கிண்ணத்துக்குள் யாரையும் கை விட்டு எடுக்க விடாதீர்கள். மூக்கைச் சிந்திய அதே விரல்தான் வரும். கூடாரத்தில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்றால் மறுநாள் பத்துப் பேருக்கு. இடுக்கியால் எடுத்துக் கொடுப்பவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

உப்பு வெறும் ருசிக்கான விஷயம் இல்லை. 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து, 2005-இல் ஆய்வு முடிவை வெளியிட்டார்கள். 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்களில் சிலருக்கு ஆபத்தான அளவுக்கே போயிருந்தது. அதிகம் குடித்து எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும்தான் அதில் கூடுதலாக மாட்டினார்கள். யோசித்துப் பாருங்கள். மெதுவாக வருபவர் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு வருகிறார். அவர் வரும்போது வழியிலுள்ள உணவுச் சாவடி மேசையில் கிழங்கு தீர்ந்து, சூப் தீர்ந்து, தண்ணீர் கேன் மட்டும் நிற்கிறது. அவரும் வேறு வழியில்லாமல் இன்னும் இரண்டு தம்ளர் குடித்துவிட்டுப் போகிறார். காலி மேசையைவிட மோசமான மேசை அது.

தெற்கே வேறொரு மலை ஓட்டத்தில் இதை நேரிலேயே பார்த்தேன். பெயர் வேண்டாம். வந்து சேர வேண்டிய கடைசி நேரமான கட்-ஆஃபுக்கு இன்னும் நிறைய பாக்கி இருக்கும்போதே பாத்திரங்களை வண்டியில் ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். வாடகை வண்டி மாலைக்குள் திரும்ப வேண்டுமாம். நேரத்துக்குள் வந்து சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் கறுத்த வாழைப்பழமும் பாக்கெட்டின் அடியில் கிடந்த பிஸ்கட் தூளும் கிடைத்தன. கட்டணம் மட்டும் அவர் முழுசாகத்தான் கட்டியிருந்தார். முதல் பத்துப் பேருக்குப் பனீர் கிடைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

போட்டி என்றால் வேகத்துக்குத்தான் மரியாதை, மெதுவாக வருவது அவரவர் பாடு என்பார்கள். சரி, அப்படியானால் கட்-ஆஃபைக் குறைத்துவிடுங்கள். இத்தனை மணிவரை வரலாம் என்று அச்சடித்துக் காசு வாங்கிய பிறகு, அத்தனை மணிவரை அடுப்பு எரிய வேண்டும்.

சோறு மிஞ்சி வீணாகிறது என்பது இன்னொரு சாக்கு. மெஸ் நடத்துகிற யார் இதைக் கேட்டாலும் சிரிப்பார்கள். கடைசியில் வருபவர்களுக்காகச் சமைத்து வைக்கச் சொல்லவில்லை; சமைக்காமல் எடுத்து வைக்கத்தான் சொல்கிறேன். அரிசி களைந்து இருக்கட்டும், காய் நறுக்கி இருக்கட்டும், உலையில் போட வேண்டாம். கடைசி ஆளுக்குப் பின்னால் நடந்து வருகிற ஸ்வீப்பர் முந்தைய சாவடியைத் தாண்டியதும் தகவல் வந்தால் போதும். சிங்கலீலாவில் பல இடங்களில் போன் எடுக்காது. அங்கே தகவல் வந்தது இப்படித்தான்: கீழேயிருந்து ஏறிவந்த பழைய லேண்ட் ரோவர் ஓட்டுநர் வண்டியை நிறுத்தாமலேயே மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார். பஹினி மூன்று பேருக்கு அரிசி போட்டாள். ஸ்வீப்பரையும் சேர்த்து நான்காக்கினேன் நான்.

யார் விழித்திருப்பது என்பதுதான் உண்மையான சிக்கல். வாலண்டியர்களில் பெரும்பாலோருக்கு முதல் ஆள் வருகிற நேரத்தில் எல்லைக்கோட்டில் நிற்கத்தான் ஆசை, போட்டோ கிடைக்கும். சாயங்காலத்துக்குப் பிறகு அடுப்படியில் நாள்கூலிக்கு வந்த உள்ளூர்ப் பெண்கள்தான் மிஞ்சுவார்கள். அவர்கள் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து மறுபடி டீ போட வேண்டும். டி-ஷர்ட் போட்டுக்கொண்டு 'சேவை' செய்ய வந்த நாம்தான் ராத்திரி முறையை எடுத்துக்கொள்ள வேண்டும். அவர்களைத்தான் நிறுத்தியாக வேண்டும் என்றால் கூடுதல் கூலி கொடுத்து நிறுத்த வேண்டும். அந்தக் கூலியைப் பதிவுக் கட்டணத்தில் கூட்டினால் எந்த ரன்னரும் முணுமுணுக்க மாட்டார். ரன்னர்கள் காலணிக்குச் செலவழிப்பதை நான் அறிவேன், என் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாள்.

ஓட்டத்துக்கான கையேட்டில் கட்-ஆஃப் நேரத்துக்குப் பக்கத்திலேயே, ஒவ்வொரு இடத்திலும் அடுப்பு அணைக்கும் நேரத்தையும் அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. அடுத்த ஓட்டத்துக்குப் பணம் கட்டும் முன் என் மகள் இதை அமைப்பாளர்களிடம் எழுதிக் கேட்டாள். "ஊட்டச்சத்து ஏற்பாடுகள் சிறப்பாக இருக்கும்" என்று பதில் வந்தது. அவள் இன்னும் பணம் கட்டவில்லை.