பீரோவுக்குள் ஒரு கரடி

கல்லிடைக்குறிச்சிக்காரன் என்று சொன்னால் எல்லோரும் அப்பளத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். இன்றைக்குப் பொம்மையைப் பற்றி எழுதப் போகிறேன். எழுபத்து நாலு வயதில் இவருக்கு என்ன பொம்மை என்று சிரிக்க வேண்டாம். கடைசி வரை படித்துவிட்டுச் சிரியுங்கள்.

சென்ற மாதம் ஜெர்மனியிலிருந்து மகன் போன் செய்தான். அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு கரடி பொம்மையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கிறார்களாம். விலை என் ஒரு மாத ஓய்வூதியத்தைவிட அதிகம். "அப்பா, நம்ம வீட்டு பீரோல இருக்கே, அதே மாதிரிதான். யார்ட்டயும் குடுத்துராதீங்க" என்றான். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகள் வயிற்றுப் பேத்தி, ஆறு வயது, "அப்ப அது யாருக்கு தாத்தா?" என்றாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழைய வாசகர்களுக்குத் தெரியும், அப்பா புதுச்சேரியில் ஒரு கடையில் கணக்கெழுதினார். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தது அதனால்தான். 1954 நவம்பரில் ஆட்சி கைமாறிய பிறகு, ஊரைக் காலி செய்துகொண்டு போன ஒரு பிரெஞ்சுக் குடும்பம் என் அக்காவுக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்தக் கரடி. மங்கிய மஞ்சள் நிறம், கண்ணாடிக் கண், கையும் காலும் திருப்பினால் திரும்பும். வயிற்றை அமுக்கினால் சருகு மிதிபடுவது போல ஒரு சத்தம். பிரெஞ்சில் கரடிக்கு 'உர்ஸ்'. 'ஒரு கரடி' என்று சேர்த்துச் சொன்னால் காதில் 'நூர்ஸ்' என்று விழும். நான் அதையே பெயராக்கிவிட்டேன். அக்காவும் திருத்தவில்லை.

கோடை விடுமுறைக்குக் கல்லிடை வரும்போது, ஆச்சி ஆற்றுக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்திலிருந்து மரச்செப்பு வாங்கி வைத்திருப்பாள். சின்ன ஓலைப்பெட்டிக்குள் அடுப்பு, தோசைக்கல், குடம், அம்மி, ஆட்டுரல், திருகை, உரல், உலக்கை எல்லாம் இருக்கும். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அரக்குப் பூச்சு. பிரெஞ்சுக்காரர் வீட்டுக் கரடி அம்பாசமுத்திரத்துச் செப்பில்தான் சாப்பிட்டது.

அக்கா 1961இல் காய்ச்சலில் போய்விட்டாள். பதினான்கு வயது. அடுத்த ஆண்டுதான் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அம்மா கரடியையும் செப்புப் பெட்டியையும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். டிரங்கிலிருந்து என் பீரோவுக்கு வந்தது. அதன் பிறகு எந்தக் குழந்தை கையிலும் அது படவில்லை. என் பிள்ளைகளுக்கே எட்டி நின்று பார்க்க மட்டும்தான் அனுமதி.

இந்தப் பழைய கரடிகளுக்கு ஏன் இவ்வளவு விலை? அதன் ரோமம் மொகேர். துருக்கியின் அங்காரா பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட அங்கோரா ஆட்டின் மயிர். நல்ல பளபளப்பு, நெடுநாள் உழைக்கும். ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட் ஸ்டைஃப் என்ற அம்மாள், இளம்பிள்ளை வாதத்தால் சக்கர நாற்காலியில் இருந்தவர், 1880இல் துணி யானை தைத்துத் தொடங்கிய தொழில் அது. ஊசி குத்தி வைக்கச் செய்த யானையைக் குழந்தைகள் பிடுங்கி விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். 1902இல் அவருடைய சகோதரர் மகன் ரிச்சர்ட் கைகால் அசையும் கரடியை வடிவமைத்தார். 1904 முதல் போலிகளைத் தடுக்கக் காதில் ஓர் உலோகப் பொத்தான் வைத்தார்கள். 1994இல் லண்டன் ஏலத்தில் ஒரு ஸ்டைஃப் கரடி 1,10,000 பவுண்டுக்குப் போனது. எங்கள் கரடியின் காதில் பொத்தான் இல்லை. அதனால் யாரும் என் வீட்டைத் தேடி வர வேண்டாம்.

சேகரிப்பவர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ரோமம் உதிராமல், கண் மாறாமல், முடிந்தால் பெட்டியோடு இருக்க வேண்டும். அதாவது எந்தக் குழந்தையும் அதிகம் தொடாத பொம்மைக்குத்தான் மதிப்பு. இந்தக் கணக்குதான் எனக்கு ஒப்பவில்லை. போன வருடம் காரைக்குடிப் பக்கத்துப் பழைய பொருள் வியாபாரி ஒருவர் வந்தார். செப்புப் பெட்டிக்கு மூவாயிரம் தருகிறேன் என்றார். "உலக்கை இல்லையே சார், முழு செட்டா இருந்தா இன்னும் கூடத் தரலாம்" என்று வருத்தப்பட்டார். அந்த உலக்கையைத் தாமிரபரணியில் படகு விட்டுத் தொலைத்தது நான். அதற்காக அக்காவிடம் வாங்கிய குட்டு இன்னும் நினைவிருக்கிறது. வியாபாரிக்கு அது குறை. எனக்கு அந்தப் பெட்டியிலேயே பெரிய சொத்து அந்தக் காலி இடம்தான்.

அவரைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கும் இல்லை. மகன் பேசிய அன்று பீரோவைத் திறந்து கரடியை எடுத்தேன். முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ரோமமே இல்லை. அந்துப்பூச்சி அரித்துவிட்டது. பாச்சை உருண்டை எப்போதோ கரைந்து போயிருந்தது, நான் கவனிக்கவில்லை. தையல் விட்ட இடத்தில் உள்ளே அடைத்த மரச்சீவல் எட்டிப் பார்த்தது. ஒரு குழந்தை கையில் இருந்திருந்தால் மாதம் ஒரு முறையாவது வெயிலும் காற்றும் பட்டிருக்கும். பத்திரப்படுத்துகிறேன் என்று நானே பூச்சிக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன்.

மறுநாள் பேத்தியை அழைத்துக்கொண்டு அம்பாசமுத்திரம் போனேன். கடைசல் பட்டறையில் உலக்கை ஒன்று கேட்டேன். அந்தக் காலத்தில் ஒருவர் கயிறு இழுத்துச் சுற்றிய இடத்தில் இப்போது மோட்டார் ஓடுகிறது. வேலை அதேதான். சுழலும் மரத்தில் உளியை வைத்ததும் சீவல் சுருள் சுருளாக விழுகிறது. அரக்குக் குச்சியை அழுத்தினால் உராயும் சூட்டில் உருகி நிறம் ஏறுகிறது. "உலக்க மட்டும் யாரும் கேக்க மாட்டாக அண்ணாச்சி. இப்பல்லாம் முழு செட்டா கொலுவுக்கு வாங்கிட்டுப் போறாக. பிள்ளைக வெளையாட வாங்குதவுக கொறைஞ்சு போச்சு" என்றார். சில நிமிடத்தில் உலக்கை கைக்கு வந்துவிட்டது. பேத்தி தரையில் கிடந்த சீவலை ஒரு பிடி அள்ளி, "தாத்தா, கரடி வயித்துக்குள்ள இருக்கதும் இதானே" என்றாள். எனக்குத் தோன்றவில்லை, அவளுக்குத் தோன்றியது.

எல்லாக் குழந்தையும் விளையாடி உடைத்துவிட்டால் நாளைக்கு என்ன மிஞ்சும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. செப்பு உடைந்தால் அதைச் செய்கிற கை இன்னும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நாம் வாங்கி விளையாடக் கொடுத்தால்தான் அந்தக் கை இருக்கும். கொலுப்படியில் வைத்த செட் பத்து வருடம் உடையாது, பத்து வருடம் பட்டறைக்கு அடுத்த வியாபாரமும் இல்லை. மிஞ்ச வேண்டியது வேறு ஒன்று என்று ஒரு பழைய குமாஸ்தாவாகச் சொல்கிறேன். பதிவு.

எங்கள் ஊர் குலசேகரமுடையார் கோயில் நடராஜர் 1982இல் களவு போய், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு அருங்காட்சியகம் வரை போய், 2019இல் திரும்பி வந்தது உங்களுக்குத் தெரியும். களவு போன சிலை எந்த ஊருடையது என்று காட்டப் பழைய புகைப்படமும் ஆவணமும் வேண்டும். நான் வளர்ந்த புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் அந்தக் காலத்தில் கோயில் கோயிலாக எடுத்து வைத்த படங்கள் அப்படிப் பல சிலைகளை மீட்க உதவியிருக்கின்றன. நடராஜரையும் மரச்செப்பையும் ஒன்றாக வைக்கவில்லை. ஆனால் யாருடையது, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கும் பழக்கம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

ஆகவே என் யோசனை இது. உங்கள் வீட்டில் பழைய மரப்பாச்சியோ, செப்போ, நடைவண்டியோ இருந்தால் ஒரு படம் எடுங்கள். யார் வாங்கியது, யார் விளையாடியது, எது எப்படி உடைந்தது என்று ஒரு பக்கம் எழுதி வையுங்கள். பிறகு பொம்மையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். காகிதத்தை மட்டும் பீரோவில் பூட்டுங்கள்.

நான் எழுதிவிட்டேன். அக்காவின் பெயரை முதல் வரியில் எழுதினேன். உலக்கை தொலைந்த கதையையும், புது உலக்கை வந்த தேதியையும் சேர்த்தேன். கரடியின் முதுகில் என் மனைவி பழைய சேலைத் துண்டு வைத்துத் தைத்துக் கொடுத்தாள். இனி ஜெர்மனியில் அதற்கு ஒரு காசு தரமாட்டார்கள்.

இப்போது திண்ணையில் அதற்குத் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள். பேர் என்ன என்று கேட்டாள். நூர்ஸ் என்றேன். "நர்ஸா? அப்ப ஊசி போடுமா?" என்றாள். நானும் திருத்தவில்லை.