துன்பமும் துணிவும்

"மனந் தளராதே" என்று பிறர்க்கு உபதேசஞ் செய்வதைப்போல எளிதான காரியம் இவ்வுலகில் வேறில்லை. அதற்குப் பணமும் வேண்டா, பாடும் வேண்டா. யானும் ஒருநாள் அவ்வுபதேசத்தைச் செய்து நாணமடைந்தேன். அக்கதையையே இவ்வாரம் சொல்லப் புகுகின்றேன்.

அது 2022ஆம் ஆண்டு ஜூன் மாதம். நாடு அந்நியச் செலாவணியின்றித் தத்தளித்த காலம். அவ்வாண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்றதையும், கடதாசித் தட்டுப்பாட்டினால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டதையும் மாணவ நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிவாயுவுக்காக வெற்றுச் சிலிண்டர்கள் வரிசையில் நின்றன. மண்ணெண்ணெய்க்காகக் கலன்கள் கயிற்றிலே கோக்கப்பட்டுக் கிடந்தன. எரிபொருள் வரிசையிற் காத்திருந்தபடியே உயிர் நீத்த முதியோரும் உண்டு.

கொள்ளுப்பிட்டியிலே, காலி வீதியோரமாக, பெற்றோலுக்கு நின்ற முச்சக்கரவண்டிகளின் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நீண்டிருந்தது. கையிலே மரக்கறிப் பையுடன் சந்தையிலிருந்து திரும்பிய யான், நடுத்தர வயதுச் சாரதி ஒருவர் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கக் கண்டு, "தம்பி, மனத்தைத் தளரவிடாதேயும், எல்லாம் நல்லபடி நடக்கும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமில்லை. "ஐயா, முந்தநாள் இரவு வந்தனான். ஓடினால்தான் வீட்டிலே அடுப்பெரியும். உங்களுக்கு மனம் தளராது, கையிலே மரக்கறி இருக்கிறது" என்றார்.

யான் விடை சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது?

அன்றிரவு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருக்குறளைப் புரட்டினேன். துன்பம் வந்தால் நகைக்கச் சொன்னவர் வள்ளுவர் என்பது நம் பிள்ளைகளுக்கும் தெரியும். பேச்சுப் போட்டிகளிலே அடிக்கடி கேட்கும் விஷயம். ஆயின் அதனை அவர் எவ்விடத்தில் வைத்தார் என்பதை யான் அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. 'இடுக்கண் அழியாமை' 63ஆவது அதிகாரம். அதற்கு முன்னே 'ஊக்கமுடைமை', அதன்பின் 'மடியின்மை', அதன்பின் 'ஆள்வினையுடைமை'. ஊக்கங்கொண்டு, சோம்பல் நீங்கி, முயன்று பார்த்தவனுக்கே அந்நகைப்பு உரியது என்றன்றோ இவ்வரிசை சொல்லாமற் சொல்கின்றது! யானோ முதல் மூன்றையும் தாண்டி நான்காவதைப் பிறனொருவன் தலையிற் கட்டிவிட்டு வந்திருந்தேன்.

மறுநாள் ஒரு போத்தல் தேநீரோடு அவரைத் தேடிப் போனேன். அவர் தம் வண்டியில் இல்லை. கையிலே ஒரு பாடசாலைக் கொப்பியுடன் வரிசை நெடுகிலும் நடந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு வண்டியின் இலக்கத்தையும் சாரதியின் பெயரையும் அதில் எழுதி, இன்னார் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை வீட்டுக்குப் போய் வரலாம், அதுவரை அயல் வண்டிக்காரர் காவல் என்று முறை வகுத்திருந்தார். சிங்களச் சாரதிகளின் பெயர்கள் சிங்களத்திலும், தமிழ், முஸ்லிம் சாரதிகளின் பெயர்கள் தமிழிலும் இருந்தன. குறுக்கே புகுவாரோடு எழுந்த சண்டைகள் அக்கொப்பியால் அடங்கின என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். அவரும் அன்று காலை வீடு சென்று குளித்து வந்திருந்தார். முந்தின நாளின் முகம் அதுவன்று.

உரோமாபுரியில் அடிமையாயிருந்து பின்னர் ஞானாசிரியராக விளங்கிய எபிக்டெற்றஸ், நம் வசத்தில் உள்ளது எது, இல்லாதது எது என்று பிரித்தறிவதைத் தம் போதனைக்கு அடிப்படையாக வைத்தார். எரிபொருட் கப்பல் வருவது அச்சாரதியின் வசத்தில் இல்லை. வரிசையின் ஒழுங்கு இருந்தது. இதனால், இல்லாததைக் கேளாது கிடக்கவேண்டும் என்று பொருளாகாது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் அருகேயுள்ள காலிமுகத்திடலில் இளைஞர்கள் கூடாரமிட்டுக் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். இச்சாரதியும் ஒருநாள் அங்கே போய் வந்தவர்தாம். நம்பிக்கையுடையவன் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று சொல்வாரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஜூலை இறுதியில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. முச்சக்கரவண்டிக்கு வாரம் 5 லீற்றர். வரிசைகள் குறுகின, துன்பம் குறையவில்லை. செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய ஆண்டிலும் 69.8 சதவீதம் உயர்ந்து நின்றது. 5 லீற்றரில் ஒரு குடும்பத்தை எங்ஙனம் நடத்தினார் என்று பின்னொருநாள் அவர் வண்டியிற் சென்றபோது கேட்டேன். காலையிற் பாடசாலைப் பிள்ளைகள் ஐவரை ஏற்றி இறக்கியதையும், மற்ற நேரம் சந்தையில் மூட்டை தூக்கியதையும் சொன்னார்.

அக்கொப்பி என்னாயிற்று என்றேன். மகள் மிகுதித் தாள்களிலே கணக்குச் செய்து முடித்துவிட்டாளாம்.