அரைத்தது எத்தனை மணிக்கு?

மாலை ஆறு மணி. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து பெண்கள் வீடு திரும்புகிறார்கள். வழியில் மளிகைக் கடை. ஆளுக்கு ஒரு பை இட்லி மாவு வாங்குகிறார்கள். ஊறவைத்து அரைக்க அவர்களுக்கு நேரம் ஏது? வாங்குவதை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தப் பையைப் பாருங்கள். சில நேரம் பந்து போல உப்பியிருக்கும். ஏன்?

அரைத்த மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகி வாயுவை வெளியிடுகின்றன. உளுந்தின் பசை அந்த வாயுவைப் பிடித்து வைக்கிறது. மாவு பொங்குகிறது. இதில் முக்கிய வேலை செய்வது லியூகோனாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் என்று 1965-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நம் பாட்டிமார்களுக்கு அதன் பெயர் தெரியாது, வேலை தெரியும்!

பொங்கியதோடு நின்றுவிடுமா? நிற்காது. புளிப்பு ஏறிக்கொண்டே போகும். வாயு வெளியேறி மாவு அமுங்கும்.

வெளிநாடுகளில் வீட்டிலேயே பீர் தயாரிக்கிறவர்கள் உண்டு. முதலில் நொதித்து அடங்கியதும் அவர்களில் சிலர் அதை வேறு பாத்திரத்துக்கு மாற்றி வாரக்கணக்கில் வைப்பார்கள். வைத்திருந்தால் அது தெளிந்து, சுவை கூடும் என்பார்கள். (நம் ஊரில் அதற்குச் சட்டம் இடம் தராது. நமக்கு வேண்டவும் வேண்டாம்.) இட்லி மாவு அந்த ஜாதி அல்ல. பொங்கி முடிந்த பிறகு அதற்கு ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். குளிர்பெட்டி புளிப்பின் வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

பையில் அடைத்து விற்கும் உணவில் தயாரித்த தேதி இருக்க வேண்டும் என்பது சட்டம். அதையே பல பைகளில் காணோம். இருந்தாலும் தேதி மட்டும் போதுமா? காலை ஆறு மணிக்கு அரைத்ததற்கும் இரவு எட்டு மணிக்கு அரைத்ததற்கும் ஒரே தேதிதானே! மே மாத வெயிலில் இந்தப் பதினான்கு மணி நேரம் மாவை என்ன பாடு படுத்தும்? அரைத்த மணியையும் போட வேண்டும். அச்சு இயந்திரம் வேண்டாம். ஒரு பேனா போதும்.

போன வாரம் ஒரு கடையில் கேட்டேன்.

"இன்னைக்கு மாவுதான் சார்."

"எத்தனை மணிக்கு அரைச்சது?"

"அது யாருக்கு சார் தெரியும்?"

மறுநாள் காலை இட்லி தட்டையாக வந்தது. மீதி மாவில் வெங்காயம், பச்சை மிளகாய் தூவி ஊத்தப்பமாக வார்த்தாள் என் மனைவி. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டார்கள். அந்தக் கடைக்காரரிடம் நான் மறுபடியும் கேட்கத்தான் போகிறேன்.