ஓடுபவனைக் கேலி செய்யாதீர்கள். அவனிடம் கணக்குக் கேளுங்கள்





சென்ற மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து, எங்கள் மஹல்லாப் பள்ளிவாசலின் படிக்கட்டில் காலணியைத் தேடிக்கொண்டிருந்தேன். பெரியவர் ஒருவர் என் தோளைத் தொட்டார். “ஏன் தம்பி, தர்மம் செய்ய நினைத்தால் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? ஊரைக் கூட்டி ஓடிக் காட்டுவானேன்? இது ரியா இல்லையா?” என்று கேட்டார். சுற்றியிருந்த நான்கைந்து பேர் சிரித்தார்கள். “துஆச் செய்யுங்கள் ஹாஜியார்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அவர் நல்ல மனிதர். அவருடைய கேள்வியும் நல்ல கேள்வி. ஆனால், சிரித்தவர்களின் சிரிப்பு நல்லதன்று. கேள்விக்கும் சிரிப்புக்கும் சேர்த்தே இங்கே பதில் எழுதுகிறேன்.

நான்கு மணி நேரம்

முதலில் நான் எதற்காக ஓடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருந்த சகோதரர் ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. நீண்ட காலச் சர்க்கரை நோயே காரணம். இத்தகைய நோயாளிகளுக்கு வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசிகளுடன் அசையாமல் படுத்திருக்க வேண்டும். ஒருநாள், “எனக்கு ரமழானும் இல்லை, பெருநாளும் இல்லை. செவ்வாய், வியாழன், சனி மட்டும்தான் இருக்கிறது” என்றார் அவர்.

ஏழைகளுக்கு இந்தச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் கிடைக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மருத்துவமனைக்குப் போய்வர ஆட்டோக் கட்டணம் யார் தருவது? இரத்தசோகைக்கான ஊசி? துணைக்கு வருபவர் இழக்கும் அன்றாடக் கூலி? சிகிச்சை இலவசமாகக் கிடைத்தும், அதைத் தேடிப் போகும் செலவைத் தாங்க இயலாமல் ஒரு நாளைத் தவறவிடுகிறவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். தவறவிடும் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய உயிரோடு விளையாடுவதாகும்.

இவர்களுக்காக எங்கள் மஹல்லாவில் ஒரு சிறு உதவி நிதி உண்டு. அதற்காகச் சென்ற ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் ஓடினேன். வருகின்ற ஜனவரியில் முழு மாரத்தான், அதாவது 42.195 கிலோமீட்டர் ஓட நிய்யத் வைத்து, பதினெட்டு வாரப் பயிற்சியில் இருக்கிறேன். பஜ்ருக்குப் பின் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் வரை, பிறகு மீண்டும், பிறகு மீண்டும். ஐப்பசி மழையில் நனைந்த காலணியோடு ஓடும்போது, “கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே” என்று என் கால்களும்தான் கேட்கின்றன!

கொடுத்துவிட்டுப் போனால் என்ன?

தாராளமாகக் கொடுக்கலாம். நானும் கொடுக்கிறேன். ஆனால், என் சம்பளத்திலிருந்து நான் தரக்கூடியது ஒருவருடைய மூன்று மாத ஆட்டோச் செலவுக்குத்தான் போதும். சென்ற ஆண்டு, “ஒரு கிலோமீட்டருக்கு உங்களால் இயன்றதைத் தாருங்கள்” என்று நண்பர்களிடமும் உறவினர்களிடமும் கேட்டேன். சிலர் பத்து ரூபாய் தந்தார்கள், சிலர் ஆயிரம் தந்தார்கள். ஆறு நோயாளிகளின் ஓராண்டுப் போக்குவரத்துச் செலவு அதில் நிறைந்தது. அவர்களில் பலர் அதற்கு முன் டயாலிசிஸ் என்றால் என்னவென்றே அறியாதவர்கள். பயிற்சி நடந்த வாரங்களில் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் “எதற்காக ஓடுகிறாய்?” என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் நிதியாக மாறியது.

இது என் கண்டுபிடிப்பும் அன்று. லண்டனில் 1981ஆம் ஆண்டு தொடங்கிய மாரத்தான் வழியாக இதுவரை 100 கோடி பவுண்டுக்கும் மேல் அறப்பணிகளுக்குத் திரண்டிருக்கிறது. கனடாவின் டெரி ஃபாக்ஸ், புற்றுநோயால் வலது காலை இழந்த பின், புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலுடன் 1980இல் 143 நாட்கள் ஓடி, 5,373 கிலோமீட்டர் கடந்தார். நோய் நுரையீரலுக்குப் பரவியதால்தான் நின்றார். மறு ஆண்டு, 22 வயதில் இறந்தார். இவற்றை நடத்தியவர்கள் முஸ்லிம்கள் அல்லர் என்பீர்கள். உண்மைதான். அந்த உண்மையைக் கேட்டு நாம் சற்று வெட்கப்படவும் வேண்டும்.

ஏனெனில், பிறர் துயருக்காக உடலை வருத்துவது நமக்கு அந்நியமானதன்று. குழந்தையின் தாகத்துக்காக ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் இடையே ஏழு முறை ஓடிய ஓர் அன்னையின் ஓட்டத்தையே ஹஜ்ஜிலும் உம்ராவிலும் நாம் வணக்கமாக நிறைவேற்றுகிறோம். ஸலமா பின் அல்அக்வஃ (ரலி) அவர்கள், ஒட்டகங்களைக் கவர்ந்து சென்ற கூட்டத்தைத் தனியொருவராகக் கால்நடையாகவே துரத்தி ஓடிய வரலாறு முஸ்லிம் நூலில் விரிவாக இருக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் துணைவியார் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப் பந்தயம் வைத்ததை அபூதாவூதில் காண்கிறோம். நம் பெண்கள் உரிய ஒழுக்கத்தோடு அதிகாலையில் நடந்தாலே முகம் சுளிப்பவர்கள் இந்தச் செய்தியைச் சற்று நிதானமாகப் படிக்கட்டும்.

ரியா என்னும் குற்றச்சாட்டு

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வலக்கரம் கொடுப்பது இடக்கரத்துக்குத் தெரியாதபடி தர்மம் செய்தவருக்கு மறுமையில் அர்ஷின் நிழல் உண்டு என்ற நபிமொழியை நாம் அனைவரும் அறிவோம். மறைவான தர்மம் சிறந்தது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அல்குர்ஆன் 2:271, மறைவானதைச் சிறந்தது என்று சொல்வதற்கு முன், வெளிப்படையாகக் கொடுப்பதையும் நல்லதென்றே கூறுகிறது. முளர் கூட்டத்தார் கிழிந்த ஆடைகளோடு மதீனாவுக்கு வந்தபோது நடந்தது என்ன? நபியவர்களின் முகம் துயரத்தால் மாறியது. மக்களை அழைத்துத் தர்மம் கேட்டார்கள். அன்சாரிகளில் ஒருவர், கை தாங்க முடியாத அளவு கனத்த பை ஒன்றை எல்லோர் கண் முன்பாகவும் கொண்டு வந்தார். அதைப் பார்த்துப் பிறரும் வரிசையாகக் கொடுத்தார்கள். உணவும் உடையும் இரு குவியல்களாக உயர்ந்தன. நல்லதொரு வழியைத் தொடங்கி வைப்பவருக்கு, அதைப் பின்பற்றுவோரின் நன்மையிலும் பங்குண்டு என்ற நற்செய்தி பிறந்தது அந்த இடத்தில்தான்.

இன்னொரு நிகழ்ச்சியையும் நினைவூட்டுகிறேன். தர்மம் பற்றிய வசனம் அருளப்பட்டபோது, கொடுக்கக் கையில் ஏதுமில்லாத நபித்தோழர்கள் முதுகில் சுமை தூக்கிக் கூலி பெற்று, அதைத் தர்மம் செய்தார்கள் என்று அபூமஸ்ஊத் (ரலி) அறிவிப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒருவர் நிறையக் கொண்டு வந்தார். “காட்டிக்கொள்கிறான்” என்றார்கள் நயவஞ்சகர்கள். இன்னொருவர் ஒரு ஸாஉ அளவே கொண்டு வந்தார், “இது அல்லாஹ்வுக்குத் தேவையா?” என்றார்கள். கேலி செய்த அவர்களைக் கண்டித்து 9:79ஆம் வசனம் இறங்கியது.

சகோதரர்களே, இதில் நமக்கான படிப்பினை தெளிவாக இல்லையா? உடல் உழைப்பால் தர்மம் செய்வது தோழர்களின் வழி. அதைப் பார்த்து ரியா என்று தீர்ப்புச் சொன்னது யாருடைய வழி? இதயத்தில் இருப்பதை அல்லாஹ் மட்டுமே அறிவான். தன் நிய்யத்தைச் சோதிப்பது ஓடுபவனின் கடமை. அதற்குத் தீர்ப்பு எழுதும் அதிகாரத்தைப் பார்ப்பவனுக்கு யார் கொடுத்தது?

உண்மையிலேயே ரியாவைத் தேடுவோமானால் வெகுதூரம் ஓட வேண்டியதில்லை. பள்ளிவாசலில் அண்ணாந்து பாருங்கள். ஒவ்வொரு மின்விசிறியின் இறக்கையிலும் “அன்பளிப்பு” என்று ஒரு பெயர் சுழல்கிறது. இப்தார் விருந்தின் பதாகையில் நோன்பாளியின் தட்டைவிடப் பெரிதாக நன்கொடையாளரின் படம். வலீமாவில் ஆயிரம் பேருக்குப் பிரியாணி போட்டு, மீதியைக் குப்பையில் கொட்டுவதை எவரும் ரியா என்று சொல்லிச் சிரித்ததில்லை. வியர்வை சிந்தி ஒருவன் தெருவில் ஓடினால் மட்டும் நமக்கு இக்லாஸ் நினைவுக்கு வருகிறது!

என் தவறு

இவ்வளவு சொன்ன நான் குற்றமற்றவன் அல்லன். சென்ற ஆண்டு நிதி கேட்டபோது, அந்தத் தையற்காரச் சகோதரர் டயாலிசிஸ் படுக்கையில் படுத்திருக்கும் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரிடம் அனுமதி கேட்கவில்லை. “நல்ல காரியம்தானே, என்ன சொல்லிவிடப் போகிறார்” என்று எண்ணினேன். படம் கைமாறிக் கைமாறி, அவருடைய மகள் படிக்கும் பள்ளியின் பெற்றோர் குழுவுக்கே போய்ச் சேர்ந்தது. அந்தப் பெண் மூன்று நாட்கள் பள்ளிக்குப் போகவில்லை.

அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “தம்பி, காசு வாங்கியதற்கு நான் வெட்கப்படவில்லை. என் பிள்ளை வெட்கப்பட்டுவிட்டாள்” என்றார். அவ்வளவுதான். சொல்லிக் காட்டியும் நோவினை செய்தும் தர்மத்தைப் பாழாக்காதீர்கள் என்று 2:264 எச்சரிப்பதன் பொருள் அன்றுதான் எனக்குப் புரிந்தது. மன்னிப்புக் கேட்டேன், மன்னித்தார். இருபத்தொரு கிலோமீட்டர் ஓடிச் சேர்த்த நன்மையில், அந்தப் பிள்ளையின் மூன்று நாட்கள் எவ்வளவைத் தின்றனவோ, நான் அறியேன்.

ஆகவேதான் சொல்கிறேன்: ஓடுகிறவனைக் கேலி செய்யாதீர்கள், ஆனால் அவனிடம் கணக்குக் கேளுங்கள். மூன்று கணக்குகள்.

முதலாவது, பணத்தின் கணக்கு. பதிவுக் கட்டணம் யார் காசில்? காலணி, சட்டை, பயணம் யார் காசில்? ஏழைக்கென்று வந்த பணத்தில் ஒரு ரூபாயும் ஓடுபவனின் காலுக்குப் போகக் கூடாது. அது அமானத். ஜகாத்தாக வந்த தொகை 9:60 கூறும் உரியவர்களுக்குத் தனியே சேர வேண்டும். வரவு செலவைப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். டெரி ஃபாக்ஸ் எந்த நிறுவனத்தின் விளம்பரத்துக்கும் தம் ஓட்டத்தை விற்க மறுத்தார். நாம் அதைவிடக் குறைவாக நடந்துகொள்ளலாமா?

இரண்டாவது, கண்ணியத்தின் கணக்கு. படம் போடத்தான் வேண்டுமென்றால் உன் படத்தைப் போடு. வியர்த்து விறுவிறுத்த உன் முகத்தைப் பார்த்து ஊர் சிரிக்கட்டும். நோயாளியின் முகம் உன்னுடையதன்று.

மூன்றாவது, கடமைகளின் கணக்கு. ஓட்டத்துக்காக எழுந்தவன் பஜ்ரை விட்டால் அவன் ஓட்டம் எதற்கு? சென்னை மாரத்தான் இருட்டிலேயே தொடங்கிவிடுகிறது. பஜ்ர் நேரம் ஓட்டத்தின் நடுவே வருகிறது. முன்னரே ஒளூச் செய்துகொண்டு, சென்ற ஆண்டு சாலையோரம் ஒதுங்கி இரண்டு ரக்அத் தொழுதேன். என்னைக் கடந்து நூற்றுக்கணக்கானோர் ஓடினார்கள். நான்கு நிமிடங்கள் போயின, போகட்டும். மனைவி மக்களுக்கும் உரிமை உண்டு, உடலுக்கும் உரிமை உண்டு என்று நபியவர்கள் அறிவுறுத்தியுள்ளார்கள். ஞாயிறு முழுவதையும் ஓட்டத்துக்கும் உறக்கத்துக்கும் கொடுத்துவிட்டு, வீட்டுச் சுமையை மனைவியின் தலையில் ஏற்றுபவன், தன் தர்மத்துக்கான விலையை அவளிடம் வசூலிக்கிறான். இதை என் மனைவியே எனக்குச் சொன்னாள். இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சமையல் என் பொறுப்பு.

ஹாஜியாருக்கு ஒரு வேண்டுகோள்

நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. நம் விருந்துகளையும் நம் வயிறுகளையும் பார்த்தால், நம் சமுதாயம் அதில் பின்தங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்று டயாலிசிஸ் படுக்கையில் இருப்பவருக்காக ஓடும் கால், நாளை அதே படுக்கைக்குத் தானும் போகாமலிருக்கவும் ஓடுகிறது.

எனவே ஹாஜியார் அவர்களே, ஓட வேண்டாம். பஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் என்னோடு நடக்க வாருங்கள். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய் அந்த நிதியில் போடுங்கள். யாருக்கும் சொல்ல வேண்டாம். நானும் சொல்ல மாட்டேன். ஜனவரியில் என் கணக்கைக் கொண்டு வந்து உங்கள் முன் வைக்கிறேன். ஒரு ரூபாய் குறைந்தாலும் அதே படிக்கட்டில் நின்று கேளுங்கள். அன்று எல்லோரும் சிரிக்கட்டும்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நிய்யத்துகளைத் தூய்மையாக்குவானாக! நோயுற்றோருக்கு ஷிஃபாவையும், அவர்களைச் சுமக்கும் குடும்பங்களுக்குப் பொறுமையையும், ஓடும் கால்களுக்கு உறுதியையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.