கடைசிப் பாகம் எங்கே?

'இரத்தப் படலம்' காமிக்ஸ் படிச்சிருக்கீங்களா? சிவகாசி லயன் காமிக்ஸ் வெளியீடு. தன் பெயரே மறந்துபோன ஒருவன், தான் யார் என்று தேடும் கதை.

எங்க மாமா பள்ளியில் படிக்கும்போது ஆரம்பித்தார். 2010-ல் 18 பாகங்களும் ஒரே தடிப் புத்தகமாக வந்த பிறகுதான் முழுசா படிச்சாராம். அத்தனை வருஷமும் காத்திருந்தார்!

அந்தப் புத்தகத்தை நானும் என் தோழியும் சேர்ந்துதான் படித்தோம். பாதியில் அவள் எட்டாம் வகுப்போடு நூல் மில் வேலைக்குப் போய்விட்டாள். லீவில் வந்தால், "முடிவு என்னாச்சு, சொல்லுடி" என்பாள். நான் சொல்ல மாட்டேன். அவளே படிக்கணும்.

கதை பாதியில் நின்றால் எல்லாரும் வருத்தப்படுகிறோம். ஒரு பெண்ணின் படிப்பு பாதியில் நின்றால் மட்டும் ஏன் யாரும் கேட்பதில்லை? அதற்கும் கடைசிப் பாகம் வேண்டாமா? யோசியுங்கள்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி